இருதயத்துக்குள் ஒரு தேசப்படம்

பெரம்பலூர் ஜில்லாவில், பச்சைமலையின் அடிவாரத்தில் அரும்பாவூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. மரச் சிற்பத்துக்குப் பெயர்போன ஊர். கோயில் தேர்களுக்கு வேண்டிய பொம்மைகளையும், வாகனங்களையும், தெய்வ உருவங்களையும் பரம்பரையாகச் செதுக்கி வரும் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அவர்களுடைய கைவேலைக்கு 2020-ம் ஆண்டில் புவிசார் குறியீடு என்னும் அங்கீகாரமும் கிடைத்தது. ஒரே கட்டையில் ஒரு முழு உருவத்தை எடுக்க வேண்டுமானால், உளியை வைப்பதற்கு முன்பே அந்தக் கட்டையின் உள்விவரம் சிற்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, கணு எங்கே மறைந்திருக்கிறது, வைரம் பாய்ந்த பகுதி எது, சொத்தை விழுந்த பகுதி எது என்பதையெல்லாம் கண்ணாலும் கையாலும் ஆராய்ந்த பிறகே கொட்டாப்புளி உயரும். இடம் தெரியாமல் விழுந்த ஓர் அடி, பல நாள் வேலையைப் பாழாக்கிவிடும்.

மரமாவது அசையாமல் கிடக்கிறது. மனிதனுடைய இருதயமோ ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் முறை துடிக்கிறது. அதன் சுவரில் மிளகளவே உள்ள ஓர் இடம் கெட்டுப்போய், அதனால் துடிப்பு முழுவதும் தாறுமாறாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மார்பைப் பிளக்காமல், துடிப்பை நிறுத்தாமல், அந்த மிளகளவு இடத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறது வைத்திய சாஸ்திரம். இருதயத்தில் மின்சாரம் ஓடும் வழிகளைத் தேசப்படம் போல வரைந்து, குற்றம் எங்கே என்று விரல் வைத்துச் சொல்லும் அந்த வித்தையைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

உள்ளே இருக்கும் மின்சாரம்

இருதயத்தில் நான்கு அறைகள் உண்டு. மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது மேலறையின் உச்சியில் ஒரு சிறு தசைக் கூட்டம் இருக்கிறது. யாரும் தூண்டாமலே அது நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை வரை ஒரு மெல்லிய மின்சார அலையை எழுப்புகிறது. அலை இரண்டு மேலறைகளிலும் பரவ, அவை சுருங்கி இரத்தத்தைக் கீழறைகளுக்குத் தள்ளுகின்றன. பின்னர் அலை, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே உள்ள ஒரு கணுவை அடைகிறது. அந்தக் கணு ஒரு சுங்கச் சாவடி மாதிரி. வந்த அலையை ஒரு விநாடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம் நிறுத்தி வைத்துத்தான் விடுகிறது. இந்தத் தாமதம் வீண் தாமதமல்ல. மேலறைகள் காலியாகி, கீழறைகள் நிரம்புவதற்கு அந்த அவகாசம் அவசியம். சாவடியைத் தாண்டிய அலை, இரண்டு கிளைகளாகப் பிரிந்த நார்களின் வழியே விநாடிக்கு 2 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்ந்து, கீழறைகளின் மூலை முடுக்கெல்லாம் பரவுகிறது. கீழறைகள் ஒன்றாகச் சுருங்குகின்றன. நமது மணிக்கட்டில் நாடி ஒரு முறை துள்ளுகிறது.

நம் நாட்டு வைத்தியர்கள் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து நாடி பார்ப்பதில் தேர்ந்தவர்கள். நாடி விரைந்து ஓடுகிறதா, தயங்கி நடக்கிறதா, முறை தவறித் துள்ளுகிறதா என்பதைத் தேர்ந்த விரல் நொடியில் சொல்லிவிடும். ஆனால் எந்த இடத்துக் குற்றத்தால் முறை தவறுகிறது என்பதை மணிக்கட்டில் இருந்துகொண்டு சொல்ல இயலாது. ஒரு வீட்டில் விளக்குகள் அணைந்து அணைந்து எரிவதைத் தெருவில் நிற்பவன் பார்க்கிறான். எந்த அறையில் எந்தக் கம்பி பழுது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நாயின் காலும் ஜாவாவில் பிறந்தவரும்

இருதயத்தின் மின்சாரத்தைச் சரீரத்தின் மேற்புறத்திலிருந்தே அளக்கலாம் என்பதை 1887-ம் வருஷத்தில் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் காட்டினார். அவர் வளர்த்த நாயின் பெயர் ஜிம்மி. அதன் கால்களை உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் நிற்க வைத்து, பாத்திரங்களிலிருந்து கம்பிகளை அளவுகருவிக்குக் கொண்டுபோய், 1909-ல் ராயல் சொசைட்டியில் கூடியிருந்த பிரமுகர்களுக்கு நாயின் இருதயத் துடிப்பைப் படமாகக் காட்டினார். நாய்க்குக் கொடுமை இழைக்கப்பட்டதா என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டிலே கேள்வி எழுந்தது! நாய் நின்றது கொஞ்சம் சாதாரண உப்புக் கரைத்த தண்ணீரில்தான் என்று மந்திரி சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

வாலருடைய கருவி நுட்பமானதல்ல. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஹாலந்து தேசத்து வில்லெம் ஐந்தோவன். அவர் பிறந்தது நமது கடலுக்கு அப்பாலுள்ள ஜாவாத் தீவில். காந்தத்தின் நடுவே வெள்ளி பூசிய மெல்லிய இழையைத் தொங்கவிட்டு, அதன் அசைவால் இருதய மின்சாரத்தை அவர் வரைந்தார். அந்த யந்திரத்தின் எடை சுமார் 270 கிலோ. இரண்டு அறைகளை அடைத்துக்கொண்டது. இயக்குவதற்கு ஐந்து பேர் தேவைப்பட்டனர். இன்று கைப்பெட்டி அளவில் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் இருக்கும் ஈ.ஸி.ஜி. கருவியின் முப்பாட்டனார் அதுதான். ஐந்தோவனுக்கு 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் ஓர் ஆசியாக்காரர் என்பதை நாம் மறக்கலாகாது. ஜப்பானியரான சுனாவோ தவாரா ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்து, மேற்சொன்ன சுங்கச் சாவடிக் கணுவையும் அதிலிருந்து கிளம்பும் பாதைகளையும் 1906-ல் விவரித்தார். அடுத்த ஆண்டில் இங்கிலாந்தில் ஆர்தர் கீத்தும், மாணவர் மார்ட்டின் பிளாக்கும், அலை பிறக்கும் இடத்தைக் கண்டு எழுதினார்கள். நம் ஜகதீச சந்திர போஸ், செடிகளும் தூண்டுதலுக்கு மின்சாரத்தால் பதில் சொல்கின்றன என்பதை லண்டன் மேடையில் செய்து காட்டியது 1901-ல். உயிருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு அந்தச் சில ஆண்டுகளுக்குள்தான் உலகத்துக்குத் தெளிவாகத் தொடங்கியது.

குற்றம் இரண்டு வகை

துடிப்பு தாறுமாறாவதற்குப் பல காரணங்கள் உண்டு. தேசப்படம் வரைகிறவருக்கு முக்கியமானவை இரண்டு.

முதலாவது, வேறோர் இடத்தில் ஒரு போட்டிச் சர்க்கார் ஏற்படுவது. தாளம் போடும் உரிமை வலது மேலறை உச்சிக்கு உரியது. வேறெங்கோ உள்ள ஒரு புள்ளி, தானும் அலை எழுப்ப ஆரம்பித்து, உரியவரைவிட வேகமாகத் தாளம் போட்டால் இருதயம் அதன் பின்னே ஓடுகிறது.

இரண்டாவது வகை சற்று விசித்திரமானது. சாதாரணமாக ஓர் அலை இருதயம் முழுவதும் பரவி முடிந்ததும் ஓய்ந்துவிடும். அலை கடந்துபோன தசை சற்று நேரம் களைத்திருப்பதால், திரும்பிப் போக அதற்கு வழி கிடைப்பதில்லை. ஆனால் பிறவியிலேயே ஓர் அதிகப்படியான பாதை அமைந்திருந்தாலும், பழைய மாரடைப்பின் தழும்புக்கு நடுவே ஒரு சந்து மிஞ்சியிருந்தாலும், அலை அந்தச் சந்து வழியே மெதுவாகச் சுற்றி வருகிறது. புறப்பட்ட இடத்துக்கு அது வந்து சேர்வதற்குள் அங்கே களைப்புத் தீர்ந்திருக்கும். மறுபடியும் சுற்று, மறுபடியும் சுற்று. நிலைக்கு வந்து சேர வேண்டிய தேர் நிலையை மறந்து மாட வீதிகளையே சுற்றிக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படி. நாடி நிமிஷத்துக்கு 150, 180, 200 என்று ஏறிவிடும். இந்தச் சுழற்சியை ஜார்ஜ் மைன்ஸ் என்னும் இளம் விஞ்ஞானி 1914-க்குள்ளாகவே விவரித்துவிட்டார். அது மெய்யாகவே சுழற்சிதானா என்று அறிய அவர் சொன்ன சோதனை எளியது: வளையத்தை ஓரிடத்தில் வெட்டிப் பார், சுழற்சி நின்றுவிட வேண்டும்.

அந்த ஒரு வாக்கியத்தில் சிகிச்சையும் அடங்கியிருந்தது. எங்கே வெட்டுவது என்பதுதான் பாக்கி. அதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

கத்தியிலிருந்து கம்பிக்கு

1968-ல் அமெரிக்காவில், வட கரோலினா கடற்கரையைச் சேர்ந்த ஒரு மீனவர் ட்யூக் சர்வகலாசாலை ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிறவியிலேயே அமைந்த அதிகப்படியான பாதையால் அவருடைய இருதயம் அடிக்கடி ஓட்டமெடுத்தது, மருந்துகள் பயன்படவில்லை. டாக்டர் வில் சீலி அவருடைய மார்பைத் திறந்தார். இருதயத்தின் மேற்பரப்பில் ஓர் அளவுகம்பியை இடம் இடமாக வைத்து, எந்த இடத்துக்கு அலை முந்தி வருகிறது என்று குறித்தார்கள். குறித்த இடத்தில் அந்தப் பாதை துண்டிக்கப்பட்டது. இருதயம் ஒழுங்குக்கு வந்தது. வரைபடத்தைப் பின்பற்றி நடந்த அறுவையின் வெற்றி அது.

ஆனால் படபடப்புக்காக மார்பைப் பிளந்துகொள்ள எத்தனை பேர் முன்வருவார்கள்? தொடையிலுள்ள இரத்தக் குழாயின் வழியே மெல்லிய கம்பியை, அதாவது கதீட்டரை, இருதயத்துக்குள் செலுத்தி அங்கேயே மின்சாரத்தை அளக்கும் முறை 1960-களிலேயே வளரத் தொடங்கியிருந்தது. அந்தக் கம்பியின் மூலமாகவே சிகிச்சையும் செய்யலாம் என்பதை 1982-ல் ஸான் பிரான்சிஸ்கோவின் டாக்டர் மெல்வின் ஷெயின்மனும் அவருடைய சகாக்களும் வெளியிட்டனர். முதலில் மின்சார அதிர்ச்சியைப் பயன்படுத்தினார்கள். பின்னர் ரேடியோ அலையின் வெப்பத்தால் சில மில்லிமீட்டர் இடத்தை மட்டும் சுடும் முறை வந்தது. சுமார் 50 டிகிரி வெப்பம் ஏறினால் அந்த இடத்துத் தசை நிரந்தரமாக மின்சாரத்தைக் கடத்தும் சக்தியை இழந்துவிடுகிறது.

இன்று படம் வரைவது எப்படி? நோயாளியின் தொடைமடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு மூன்று கதீட்டர்களை உள்ளே செலுத்துகிறார்கள். மேஜைக்கு அடியில் மெல்லிய காந்தப் புலங்களை எழுப்பும் சுருள்கள் உள்ளன. கதீட்டரின் நுனி அறைக்குள் எங்கே இருக்கிறது என்பதை அவற்றின் உதவியால் கம்ப்யூட்டர் சுமார் ஒரு மில்லிமீட்டர் நுட்பத்தில் அறிகிறது. இந்த முறையை இஸ்ரேலைச் சேர்ந்த பென்-ஹைம் முதலியோர் 1990-களின் நடுவில் உருவாக்கினார்கள். டாக்டர் நுனியை உட்சுவரின் மேல் நகர்த்திக்கொண்டே போகிறார். தொட்ட ஒவ்வோர் இடத்திலும், அங்கே அலை வந்து சேர்ந்த நேரம் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் பதிவாகிறது. நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்ததும் திரையில் அந்த இருதயத்தின் உருவம் வர்ணங்களோடு எழுகிறது. அலை முதலில் வந்த இடம் சிவப்பு, பின் மஞ்சள், பச்சை, நீலம், கடைசியில் ஊதா. நடுவே ஒரு சிவப்புப் புள்ளி இருந்து வர்ணங்கள் வட்ட வட்டமாக விரிந்தால், அங்கே போட்டிச் சர்க்கார் இருக்கிறது. சிவப்பும் ஊதாவும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றால், அங்கே அலை வளையமாகச் சுழல்கிறது.

இன்னொரு படம் மின்சாரத்தின் வலிமையைக் காட்டுவது. கீழறையின் உட்சுவரில் 1.5 மில்லிவோல்ட்டுக்கு மேல் கிடைத்தால் ஆரோக்கியமான தசை என்றும், 0.5-க்குக் கீழே போனால் அடர்ந்த தழும்பு என்றும் கொள்கிறார்கள். நோயாளிக்குச் சோதனையின்போது படபடப்பு வராவிட்டாலும், தழும்புக்குள் ஒளிந்திருக்கும் சந்துகளை இந்தப் படம் காட்டிக்கொடுக்கும்.

படத்தால் கிடைத்த ஆச்சரியங்களில் ஒன்றைச் சொல்லவேண்டும். மேலறைகள் துடிப்பதற்குப் பதிலாக நடுங்கிக்கொண்டேயிருக்கும் வியாதி ஒன்று உண்டு. நமது நாட்டில் கீல்வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களிடமும், வயதானவர்களிடமும் மிகுதியாகக் காண்பது. அறைக்குள் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். இந்த நடுக்கத்தைக் கிளப்பிவிடும் துடிப்புகள் எங்கிருந்து வருகின்றன? பிரான்ஸ் தேசத்துப் போர்தோ நகரில் டாக்டர் மிஷேல் ஐஸாகேர் குழுவினர் 45 நோயாளிகளிடம் தேடி, 1998-ல் முடிவை வெளியிட்டனர். கண்ட 69 புள்ளிகளில் 65 புள்ளிகள் நுரையீரலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்களுக்குள்ளே இருந்தன! திருடனை வீடு முழுவதும் தேடிவிட்டு வாசல் திண்ணையில் கண்டுபிடித்த கதை.

படம் சொல்லாதது

படம் இருந்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. இதை உலகத்துக்கு எடுத்துக்காட்டியவர்கள் நம் தேசத்து வைத்தியர்களே. ஹைதராபாதில் டாக்டர் நரசிம்மனும் அவருடைய சகாக்களும் கீழறையிலிருந்து அபாயமான படபடப்பு வந்த சில நோயாளிகளைக் கவனித்தார்கள். அவர்களுடைய இருதயத்தின் பலம் குன்றியிருக்கவில்லை, மாரடைப்பும் வந்ததில்லை. மேலும் ஆராய்ந்தபோது மார்புக்குள்ளே நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன. சிலருக்குக் காசநோய், சிலருக்குச் சார்காய்டோசிஸ் என்னும் வேறொரு வியாதி. இரண்டும் இருதயத் தசைக்குள் புகுந்து சிறு சிறு முடிச்சுகளை உண்டாக்கியிருந்தன. 2011-ல் வெளிவந்த இந்த ஆராய்ச்சியின் படிப்பினை பெரிது. படத்தில் தெரியும் இடத்தைச் சுட்டுவிட்டு, உள்ளே இருக்கும் வியாதியை விட்டுவிட்டால், இன்று ஓரிடம், நாளை வேறோரிடம் என்று குற்றம் தலைதூக்கும். காசநோய்க்கு மருந்து கொடுத்தால்தான் இருதயமும் அமைதி பெறும். காசநோய் மலிந்த நமது நாட்டில் இதை நினைவில் வைக்காத இருதய வைத்தியர் இருக்கக்கூடாது.

கடல் கடந்த தமிழர் ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். சென்னையில் வைத்தியம் பயின்ற டாக்டர் கல்யாணம் சிவகுமார், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் இருதயத் துடிப்புக் கோளாறுகளுக்கான நிலையத்தை நடத்துகிறார். கதீட்டரை நடத்திச் செல்பவனுக்கு இருதயத்தின் உருவம் உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரும் ஜப்பானிய நிபுணர் ஷும்பே மோரியும் சேர்ந்து 2022-ல் இருதயத்தின் அமைப்பைக் காட்டும் படநூல் ஒன்றை வெளியிட்டனர். ‘அமர யாத்’ என்பது அந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயர். இதற்கு ஓர் அறநோக்கமும் உண்டு. நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் உடல்களைக் கொண்டு வரையப்பட்ட பழைய ஆஸ்திரியப் படநூலை டாக்டர்கள் நாட வேண்டிய அவசியமே இல்லாமற் செய்ய வேண்டும் என்பது அந்த நோக்கம். சாஸ்திரத்தின் படங்களும் கறையற்றவையாக இருக்கவேண்டும் என்று ஒரு தமிழர் பாடுபடுவது நமக்குப் பெருமையே.

கம்பியை உள்ளே விடாமலே படம் வரையும் முறையும் வந்திருக்கிறது. 250-க்கும் அதிகமான மின்முனைகள் பதித்த உடுப்பை மார்பில் அணிவித்து, வெளியிலிருந்தே கணக்கிடும் இவ்வித்தையை யோராம் ருடி என்பவர் வளர்த்தார். 2017-ல் ஸெயிண்ட் லூயிஸ் நகரில், இப்படி வரைந்த படத்தின் துணையால், வேறு வழியில்லாத 5 நோயாளிகளுக்குப் புற்றுநோய்க்குப் பயன்படும் கதிரைக் கொண்டே இருதயச் சிகிச்சை செய்ததாக அறிவித்தார்கள். இது இன்னும் பரீட்சை நிலையில் உள்ள முறை.

நமது வீட்டுக்கு என்ன?

இவ்வளவும் கேட்ட நேயர், “அரும்பாவூரில் இருக்கும் எனக்கு இதனால் ஆவதென்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது; பத்து நிமிஷமோ ஒரு மணியோ நீடிக்கிறது; விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று நின்றுவிடுகிறது. வைத்தியரிடம் போய்ச் சேரும்போது நாடி ஒழுங்காக இருக்கிறது, ஈ.ஸி.ஜி.யும் ஒழுங்காக இருக்கிறது. “ஒன்றுமில்லை, பயம்தான், நரம்புத் தளர்ச்சிதான்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். முக்கியமாகப் பெண்களுக்கு இந்தத் தீர்ப்பு எளிதில் கிடைக்கிறது. காற்று சேஷ்டை என்று கருதி வேப்பிலை அடிக்கும் வீடுகளும் உண்டு. இப்படி ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறவர்களில் பலருக்கு இருப்பது அந்த அதிகப்படியான பாதைதான். படம் வரைந்து அந்த இடத்தைச் சுட்டால், அத்தகையவர்களில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டோர் பூரணமாகக் குணமடைகிறார்கள். ஆயுள் முழுவதும் மாத்திரை தின்ன வேண்டியதில்லை.

ஆகையால் நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. படபடப்பு இருக்கும்போதே ஈ.ஸி.ஜி. எடுக்க வேண்டும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமானாலும், தாலுகா ஆஸ்பத்திரியானாலும் சரி. நின்ற பிறகு நகரத்துக்குப் போய் எடுக்கும் நூறு படங்களைவிட, நிற்கும் முன் எடுத்த ஒரு காகிதத் துண்டு மேலானது. அதைப் பத்திரமாக வைத்திருந்து நிபுணரிடம் காட்ட வேண்டும். இருதயத்துக்குள் வரையப்போகும் தேசப்படத்துக்கு முதற்கோடு அந்தக் காகிதம்தான். படபடப்போடு மயக்கமோ, மார்வலியோ, மூச்சுத் திணறலோ வந்தாலும், குடும்பத்தில் யாரேனும் இளவயதில் திடீரென்று இறந்திருந்தாலும், காத்திருக்கலாகாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

சிகிச்சை அபாயமற்றதென்று நாம் சொல்லவில்லை. சுங்கச் சாவடிக் கணுவுக்கு அருகே சுடும்போது அது சேதப்பட்டால், செயற்கைத் துடிப்புக் கருவியைப் பொருத்த நேரிடும். சுவரில் துவாரம் விழுவதும், இரத்தம் உறைவதும் அபூர்வமாக நடக்கின்றன. இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதிப்பது நோயாளியின் உரிமை. சென்னை, வேலூர், புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் முதலிய இடங்களில் இந்தச் சிகிச்சை நடைபெறுகிறது. 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டின் பட்டியலிலும் இது இடம்பெற்றிருக்கிறது. தமிழ்நாட்டில் அது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தோடு சேர்ந்து நடப்பதால், எந்த ஆஸ்பத்திரியில் அந்த அட்டை செல்லும் என்பதை முன்கூட்டியே விசாரிப்பது நலம்.

ஆனாலும் குறைகள் இருக்கின்றன. படம் வரையும் யந்திரங்களும் கதீட்டர்களும் பெரும்பாலும் அயல்நாட்டுச் சரக்குகள். விலையும் அயல்நாட்டு விலை. நிபுணர்கள் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கிறார்கள். அரியலூரில் 2022-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது நல்ல தொடக்கம். எனினும் பச்சைமலை அடிவாரத்துக் குடியானவர் இந்தச் சிகிச்சைக்கு இன்னும் நெடுந்தூரம் பிரயாணம் செய்ய வேண்டியவராகவே இருக்கிறார். முடியாத காரியம் என்று நாம் சோர்ந்துவிட வேண்டியதில்லை. இருதய வால்வையும் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்துதான் தருவித்தோம். திருவனந்தபுரம் நிலையத்தார் சுயமாக ஒரு வால்வை அமைத்து, 1990-ல் ஒரு நோயாளிக்குப் பொருத்தி, சுதேசி வால்வும் ஓடும் என்று காட்டினார்கள். வால்வைச் செய்த தேசம் கதீட்டரையும் செய்யலாம். அதற்கு நிபுணர்களும் பொருளும் வேண்டும். ஜனங்கள் கேட்கவும் வேண்டும். படபடப்பைப் பயமென்று தள்ளாமல், இடம் எது, காரணம் என்ன என்று கேட்கும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் பெருகட்டும். கேட்பவர்கள் பெருகினால், பதில் சொல்லும் ஆஸ்பத்திரிகளும் பெரம்பலூர் வரை வந்தே தீரும்.